கழுத்தும் கத்தியும்

முகச்சவரத்தைப் பற்றி எழுதுவதற்கும் ஓர் இலக்கியச் சஞ்சிகையின் பக்கங்கள் வேண்டுமா என்று அன்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அரிசி விலையும் ஆசிரியர் சம்பளமும் பேசப்படவேண்டிய இடத்தில் கழுத்து எரிவைப் பேசுவது எதற்கு என அவர்கள் கேட்பதும் நியாயமே. ஆயினும், மனிதன் நாள்தோறும் செய்கின்ற மிகச் சிறிய காரியத்துக்குள்ளும் சமுதாயம் புகுந்திருக்கிறது என்பதே எமது கட்சி. யார் யாருக்குச் சவரம் செய்தார், யாருக்குச் செய்ய மறுத்தார், யாருடைய முகம் மழிக்கப்பட்டிருக்க வேண்டுமென்று யார் கட்டளையிட்டார் என்ற வினாக்களைத் தொடர்ந்து சென்றால், சவர்க்கார நுரைக்குள்ளிருந்து ஒரு சரித்திரமே வெளிப்படும்.

முதலில் நோவைச் சொல்லுவோம். கன்னத்தில் கத்தி ஓடும்வரை எவர்க்கும் பெருந்தொல்லை இல்லை. தாடையெலும்பைக் கடந்து அது கழுத்துக்கு இறங்கியதும் வேதனை தொடங்குகிறது. சவரம் முடிந்த சிறிது நேரத்தில் செம்புள்ளிகள் தோன்றுகின்றன. வியர்வை பட்டதும் எரிகின்றது. சட்டையின் கழுத்துப்பட்டி உரசுந்தோறும் அவ்வெரிவு வளர்கின்றது. மறுநாள் அதே இடத்திற் சிறு பருக்கள் கிளம்புகின்றன. அவற்றின் மேலேயே மீண்டும் கத்தியை இழுத்துக்கொண்டு பாடசாலைக்கும் கந்தோருக்கும் ஓடவேண்டிய நிலை எம்மில் எத்தனையோ பேருக்கு உண்டு. இதனைத் தலைவிதியென்று பொறுத்துக்கொள்வோர் பலர். தமது தோலின் குற்றமென்று நம்புவோர் சிலர். குற்றம் தோலினுடையதன்று. கைமாறாமற்போன ஒரு தொழிலறிவின் இல்லாமையே பெரும்பாலும் இந்நோவுக்குக் காரணம்.

அந்த அறிவு ஒரு காலத்தில் முடிதிருத்தும் தொழிலாளரின் விரல்களில் இருந்தது. எமக்கு அதனைச் சொல்லித் தந்தவரும் அத்தொழிலில் முதிர்ந்த ஒருவரே. "தம்பி, கத்தியை எடுக்கமுன்னம் விரலாலை தடவிப் பாருங்கோ. மயிர் எந்தப் பக்கம் படுக்குதோ அந்தப் பக்கம் போங்கோ. கழுத்தோடை சண்டைக்குப் போகக்கூடாது" என்று அவர் சொல்லுவார். கன்னத்து மயிர் கீழ்நோக்கிப் படிந்திருக்கும். கழுத்திலோ ஒருவருக்கு மேல்நோக்கியும், இன்னொருவருக்குக் காதை நோக்கிப் பக்கவாட்டிலும், வேறொருவருக்குச் சுழியாகவும் வளர்ந்திருக்கும். எந்தப் புத்தகமும் படியாமலே, ஊரிலுள்ள ஒவ்வொருவர் கழுத்தின் போக்கையும் அவர் அறிந்திருந்தார். தோல்வாரிற் கத்தியைத் தீட்டி, நுரை ஊறும்வரை பொறுத்திருந்து, சவரம் முடிந்ததும் நனைத்த சீனக்காரக் கட்டியால் மெல்லத் தடவிவிடுவார்.

இத்தனை அறிவுடைய அம்மனிதரை அவருடைய பேரப்பிள்ளைகளின் வயதையொத்த சிறுவரும் பெயர் சொல்லியே அழைத்தனர். அவருடைய கத்தியின் கீழே அச்சமின்றிக் கழுத்தை நீட்டிய பெரியவர்கள், தமது வீட்டுக் கதிரையில் அவரை இருத்த அஞ்சினர். தமிழகத்தில் மருத்துவர் என்ற பெயரே வழங்கிவந்த ஒரு சமூகத்தாரின் நிலை யாழ்ப்பாணத்துக் குடிமை முறையில் இதுதான். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் அவர்களின்றிக் காரியம் நடவாது. காரியம் முடிந்ததும் அவர்களுக்கு வாசலே எல்லை. இம்முறையின் கொடுமை அத்தோடு நிற்கவில்லை. தாழ்த்தப்பட்ட அவர்களைக்கொண்டே தாழ்த்தப்பட்ட ஏனையோருக்குச் சவரம் மறுக்கவும் வைத்தது. ஒருவர் கையில் கத்தியைக் கொடுத்து, அது யார் முகத்திற் படலாம், யார் முகத்திற் படலாகாது என்று விதித்தவர்கள் வேறு யாரோ.

சாதி காரணமாகக் கடைகளிலும் பொது இடங்களிலும் ஒருவரைத் தடுப்பது குற்றமென 1957ஆம் ஆண்டு சட்டம் வந்தது. சட்டம் ஏட்டிலிருந்து வீதிக்கு வருவதற்கு 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் நடந்த போராட்டங்களும் வேண்டியிருந்தன. அதே 1966இல் 'மல்லிகை' என்ற மாசிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, யாழ்ப்பாணத்துச் சலூன் ஒன்றிலே தொழில் செய்துகொண்டு எழுத்தாளரானவர். அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 2021இல் அவர் மறையும்வரை தம் தொழிலை அவர் மறைத்ததில்லை. கத்தி பிடித்த கை பேனா பிடிக்காது என்றிருந்தோருக்கு அவர் வாழ்க்கையே பதிலாயிற்று.

இனி, கத்தி தொழிலாளர் கையிலிருந்து எமது கைக்கு வந்த வரலாற்றைப் பார்ப்போம். அதனைத் தொடக்கிவைத்தவர் ஒரு சோஷலிசக் கனவுகாரர் என்பது பலர் அறியாத செய்தி. அமெரிக்கரான கிங் காம்ப் ஜில்லெட் 1894ஆம் ஆண்டு 'தி ஹியூமன் டிரிஃப்ட்' என்றொரு நூலை எழுதினார். போட்டியே சமுதாயத்தின் பிணிகளுக்கு மூலம். உற்பத்தி முழுவதும் மக்களுக்குச் சொந்தமான ஒரே நிறுவனத்தின் கீழ் வரவேண்டும். நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்வலுவால் இயங்கும் ஒரு மாநகரில் எல்லோரும் சமமாய் வாழவேண்டும் என்று அந்நூலில் அவர் வாதிட்டார். அக்காலத்தில் அவர் போத்தல் மூடி விற்கும் ஊழியர். ஒருமுறை பாவித்து எறியும் பொருளொன்றைக் கண்டுபிடித்தால் வாங்கியவன் திரும்பத் திரும்ப வருவான் என்று, அம்மூடியைக் கண்டுபிடித்த முதலாளியான வில்லியம் பெயின்டர் அவருக்கு ஆலோசனை கூறினார். 1895இல் அவர் மனத்தில் உதித்தது மெல்லிய உருக்குத் தகட்டுப் பிளேடு. பொறியியலாளர் வில்லியம் நிக்கர்சனின் உழைப்பால் அது கைகூடிற்று. விற்பனை தொடங்கிய 1903இல் 51 றேசர்களும் 168 பிளேடுகளுமே விலைபோயின. 1904இல் காப்புரிமை கிடைத்தது. முதலாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படையினருக்கு இலட்சக்கணக்கில் இக்கருவி வழங்கப்பட, வீட்டிலே தானே சவரம் செய்யும் வழக்கம் நிலைபெற்றது. 1924இலும் அப்டன் சின்கிளேரின் துணையோடு ஜில்லெட் தமது பழைய கனவை மீண்டும் நூலாக்கினார். ஆனால் உலகம் அவருடைய கனவை விட்டுவிட்டுப் பிளேடை மட்டும் எடுத்துக்கொண்டது.

இம்மாற்றத்தை முற்றாகப் பழிப்பது பொருந்தாது. சலூன் வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட மனிதனுக்கு, கடையிலே சில சதத்துக்குக் கிடைத்த பிளேடு ஒரு விடுதலையே. சாதி கேளாமல் அது எவர் முகத்தையும் மழித்தது. எனினும் பிளேடு கைமாறியபோது, அதனைப் பிடிக்கும் அறிவு கூடவே கைமாறவில்லை. விற்பவனுக்கு அதனைக் கற்பிக்கும் தேவை இருக்கவில்லை. வாங்கியவனோ, தாழ்வாகக் கருதிய தொழிலிடம் கற்பதற்கு எதுவும் உண்டென்று எண்ணவில்லை. அந்த அலட்சியத்தின் விலையைத்தான் எமது கழுத்துகள் இன்றும் செலுத்துகின்றன.

கழுத்தில் நடப்பது என்ன? அங்கே தோல் மெல்லியது, தளர்ந்தது, மேடு பள்ளமுடையது. மயிரோ நேரே எழாமல் சரிந்து படுத்திருக்கும். அதன் போக்குக்கு எதிராகக் கத்தியை அழுத்தி இழுக்கும்போது இரண்டு தீங்குகள் விளைகின்றன. மேற்றோலின் காப்புப்படை சுரண்டப்படுகிறது, அதுவே எரிவு. மயிரும் சரிவாக, ஈட்டிமுனைபோல வெட்டுண்டு தோல்மட்டத்தின் கீழே ஒடுங்குகிறது. சுருண்ட மயிராயின், வளரும்போது வெளியே வராமல் பக்கத்துத் தோலைக் குத்தி உள்ளே நுழைகிறது, அதுவே பரு. 1971இல் இரட்டை அலகுடைய றேசர் சந்தைக்கு வந்தது, 1998இல் மூன்றாயிற்று, 2006இல் ஐந்தாயிற்று. முன்னலகு மயிரை இழுத்துப் பிடிக்க, பின்னலகு இன்னும் ஆழத்தில் வெட்டுகிறது. விளம்பரத்தில் இது வழவழப்பு. சுருண்ட மயிருடையவன் கழுத்தில் இதுவே புண்.

இந்தப் புண் ஒருவனுடைய வேலையையே பறிக்கவல்லது. அமெரிக்கக் கறுப்பின ஆண்களிடையே இந்நோய் மிகப் பரவலானது. சவரத்தை நிறுத்துவதே அதற்குச் சிறந்த மருந்து. நெப்ராஸ்கா மாநிலத்தில் பிட்ஸா விநியோகிக்கும் நிறுவனமொன்று தாடியுள்ளோருக்கு வேலையில்லை என்று விதித்து, ஒரு கறுப்பினத் தொழிலாளியை நீக்கியது. அதிலிருந்து எழுந்த வழக்கில் 1993ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம், விலக்கே அளிக்காத அவ்விதி கறுப்பின ஆண்களைப் பாரபட்சமாகப் பாதிக்கிறது என்று தீர்ப்பளித்தது. வாடிக்கையாளர் விரும்பமாட்டார் என்ற வாதம் அதன்முன் நிற்கவில்லை. மழித்த முகமே ஒழுக்கத்தின் அடையாளம் என்று விதிக்கும் அதிகாரிகள் எங்கும் இத்தீர்ப்பை நினைவிற் கொள்வது நன்று.

சவரம் செய்தே ஆகவேண்டியவர்க்கு, முதியவரின் விரல்களும் இன்றைய தோல் மருத்துவமும் ஒன்றாகக் கூறும் முறை இதுதான். இரண்டு நாள் வளர்ந்த மயிரைக் கழுத்தெங்கும் விரலால் தடவி, எத்திசையில் வழுக்குகிறது, எத்திசையில் தடுக்கிறது என்று அறிந்துகொள்க. வழுக்கும் திசையே கத்தியின் திசை. குளித்தபின் சவரம் செய்வது உத்தமம். இயலாவிடின் இரண்டு மூன்று நிமிடமாவது இளஞ்சூட்டுத் தண்ணீரால் நனைக்க வேண்டும். நீரை உறிஞ்சிய மயிர் பருத்து மென்மையாகும்; வெட்டுவதற்குக் குறைந்த விசையே போதும். தூரிகையால் வட்டமாகத் தேய்த்து நுரையேற்றி, ஒரு நிமிடம் ஊறவிடுக.

றேசரை இறுகப் பிடிக்கலாகாது. தோலோடு ஏறத்தாழ 30 பாகைச் சரிவில், கருவியின் சொந்தப் பாரமே வெட்டட்டும். கையின் பலம் வேண்டாம். ஓர் அங்குல நீளத்துக்கு மேற்படாத சிறு இழுவைகளாக இழுத்து, இடையிடையே அலகைக் கழுவுக. குரல்வளை மேட்டில் தோலை மெல்ல ஒருபுறம் ஒதுக்கி, சமதளத்துக்குக் கொண்டுவந்து மழிக்கலாம். ஆனால் இறுக்கி இழுத்துப் பிடிப்பது மயிரை உள்ளே ஒடுங்கச் செய்யும். இரண்டாம் முறை வேண்டுமாயின் மீண்டும் நுரையிட்டு, போக்குக்குக் குறுக்காகச் செல்லலாம். எதிர்த்துச் செல்வது கழுத்துக்கு ஆகாது. பின்பு குளிர்ந்த நீரால் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டும். சீனக்காரம் சிறு வெட்டுகளில் இரத்தத்தை நிறுத்தும். மதுசாரம் கலந்த வாசனை நீரோ எரிவையே கூட்டும். மயிரை வெட்டாமல் இழுக்கத் தொடங்கிய பிளேடை எறிந்துவிடுக. ஒருவர் பிளேடை மற்றொருவர் பாவிப்பது ஈரலழற்சி போன்ற நோய்களைப் பரப்பும். பரு கிளம்பிவிட்டால் சில வாரம் சவரத்தை நிறுத்துக. தழும்பு தடித்து வளருமாயின் மருத்துவரிடம் செல்க.

பிளேடு ஏன் மழுங்குகிறது என்பதற்கும் அண்மையில் ஒரு விடை கிடைத்தது. மயிரைவிட உருக்கு ஏறத்தாழ 50 மடங்கு வன்மையானது. அப்படியிருந்தும் மயிரே உருக்கைக் கெடுக்கிறது. 2020ஆம் ஆண்டு மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர் நுணுக்குக்காட்டியின் கீழ் இதனைக் கண்டு, 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்டனர். மயிர் சரிந்து வளையும்போது, அலகின் விளிம்பில் உருக்கின் உள்ளமைப்பு சீரற்றிருக்கும் இடத்தில் சில்லு பெயர்கிறது என்பது அவர்கள் முடிவு. மெல்லியது என்று கருதியதை எதிர்த்துப் போனால் கூரியதற்கும் சேதம் உண்டு. கழுத்தோடு சண்டைக்குப் போகக்கூடாது என்று முதியவர் சொன்னதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

ஆய்வுகூடத்தில் பிறந்த அறிவுக்கு நாம் அளிக்கும் மரியாதை, கத்தியோடு வாழ்ந்தவரின் அறிவுக்கும் உரியது. இன்றும் எமது நகரங்களின் சலூன்களில், நாள் முழுவதும் நின்றபடியே எமது முகங்களைச் செப்பனிடும் தொழிலாளர் உள்ளனர். சந்தையின் வழவழப்பு விளம்பரங்களை நம்புமுன் அவர்களிடம் சென்று எமது கழுத்தின் போக்கைக் கேட்போமாக. கேட்கும்போது அவரை "அண்ணை" என்று அழைத்துக் கேட்போமாக. தம் பிள்ளைகளுக்குச் சவரம் பழக்கும் தந்தையரும், தொழிலின் மேன்மையை வகுப்பிற் பேசும் ஆசிரியரும், இந்த அறிவு யாரிடமிருந்து வந்ததென்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கட்டும்.