சட்டம் மாறிடுச்சு, நம்ம பேச்சு எப்போ மாறும்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது முழுசா படிங்க, பாதியில கோபப்படாதீங்க.

அன்னதானக் கூடத்துல ஒரு கேள்வி அடிக்கடி வருது. "அண்ணே, ஆணும் ஆணும் கல்யாணம் பண்றதை நாளைக்கு நம்ம கோயில்லயும் நடத்தச் சொல்வாங்களா?" பயப்படுறவங்களுக்காக, நம்ம சிங்கப்பூர்ல நடந்ததை முதல்ல சொல்லிடுறேன்.

377ஏ சட்டப்பிரிவு 1938ல வெள்ளைக்காரன் காலத்துல வந்தது. ஆணும் ஆணும் உறவு வச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை. 2007ல நாடாளுமன்றத்துல பெரிய விவாதம் நடந்துச்சு. சட்டம் இருக்கட்டும், ஆனா தேடிப்போய் நடவடிக்கை எடுக்க மாட்டோம்னு அரசாங்கம் சொன்னாங்க. அதே ஆளும் கட்சி, அதே பிரதமர் லீ சியன் லூங், 2022 ஆகஸ்ட் 21 தேசிய தினப் பேரணியில சட்டத்தை நீக்கப் போறோம்னு அறிவிச்சார். நவம்பர் 29ல வாக்கெடுப்பு. 93 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு. 2023 ஜனவரி 3ல அந்தச் சட்டம் போயிடுச்சு.

அதே நாள் இன்னொன்னும் நிறைவேறுச்சு, அதைப் பலபேர் மறந்துடுறாங்க. அரசமைப்புச் சட்டத்துல 156ஆம் பிரிவு. கல்யாணம்னா யாருக்கும் யாருக்கும்னு முடிவு செய்யறது நாடாளுமன்றம். அடிப்படை உரிமையைக் காட்டி நீதிமன்றத்துல அதை உடைக்க முடியாது. இன்னைக்கு சட்டப்படி கல்யாணம்னா ஓர் ஆண், ஒரு பெண். அதனால அந்தப் பயம் வேண்டாம். எதிர்கால நாடாளுமன்றம் நினைச்சா மாத்தலாம், அதுவும் உண்மைதான்.

நம்ம ஊர்ல மட்டும் இந்த மாற்றம் இல்ல. பிரிட்டன்ல கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் டேவிட் கேமரன், பழமையை மதிக்கிற கட்சிக்காரனா இருக்கறதாலதான் இந்தத் திருமணத்தை ஆதரிக்கிறேன்னு 2011 மாநாட்டுலயே சொன்னார். 2013 பிப்ரவரியில 400க்கு 175ன்னு மசோதா அடுத்த கட்டத்துக்குப் போச்சு. அவர் கட்சி எம்.பி.க்கள்ல எதிர்த்தவங்கதான் அதிகம்! அமெரிக்காவுல ராப் போர்ட்மன்னு ஒரு குடியரசுக் கட்சி செனட்டர். முன்ன எதிர்த்தவர், தன் சொந்த மகன் வந்து உண்மையைச் சொன்ன பிறகு 2013ல ஆதரவா மாறினார். இந்தியாவுல 2018ல உச்ச நீதிமன்றம் இது குற்றம் இல்லன்னு சொன்னப்போ, ஆர்.எஸ்.எஸ். கூட குற்றம் இல்லங்கறதை ஏத்துக்கிட்டது. கல்யாணத்தை மட்டும் ஏத்துக்கல.

என் கருத்தையும் சொல்லிடுறேன். கன்னிகாதானம், தாலி, அக்னி சாட்சி, இதெல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடக்கற சடங்குன்னுதான் நான் நம்புறேன். அதுல மாற்றம் இல்ல. ஆனா சடங்கு வேற, மனுஷன் வேற. முதல்ல சொன்னதுக்காக ரெண்டாவது ஆளை வாசல்ல நிறுத்த எந்த சாஸ்திரமும் எனக்கு வேலை கொடுக்கல.

நம்ம கோயிலுக்கு ஓர் அம்மா வெள்ளிக்கிழமை தவறாம வந்து பூ கட்டுவாங்க. அவங்க மகனைப் பத்தி பேச்சு கிளம்புச்சு. கூடத்துல அவங்க உட்கார்ந்தா பக்கத்துல குசுகுசுன்னு சத்தம். இப்போ அவங்க வர்றதில்ல. அந்தப் பையன் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யல. அவன் குற்றவாளி இல்லன்னு நாட்டுச் சட்டமே சொல்லிடுச்சு. நாம மட்டும் தீர்ப்பு எழுதிக்கிட்டு இருக்கோம்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் தூக்கிட்டு வர்றவங்ககிட்ட யாராவது வீட்டு விவரம் கேட்கிறோமா? தண்ணி வேணுமான்னுதானே கேட்கிறோம்.

அந்த அம்மாவோட பழகினவங்க போன் போட்டுக் கூப்பிடுங்க. மகன் பேச்சு எதுவும் எடுக்க வேண்டாம். பூ கட்ட ஆள் குறையுது, வாங்கக்கான்னு மட்டும் சொல்லுங்க.

ஓம் சக்தி.