கௌலியில் ஒரு பழைய மொறிஸ் மைனர்

ஒக்ஸ்போட் என்றதும் நம் மாணவர் நெஞ்சில் எழுவன பல்கலைக்கழகமும் அதன் கோபுரங்களும் புகழ்பெற்ற அகராதியுமே. ஆயினும் அந்நகருக்கு இன்னொரு முகமும் உண்டு. செர்வெல் ஆற்றின் மீதமைந்த மொட்லின் பாலத்தைக் கடந்து கௌலி வீதி வழியே சென்றால், கல்லூரிகளின் கற்சுவர்கள் மறைந்து, நெருக்கமாக நிற்கும் செங்கல் வீடுகளும் பலசரக்குக் கடைகளும் தோன்றுகின்றன. நகர மத்தியிலிருந்து ஏறத்தாழ மூன்று மைல் தொலைவில் உள்ளது கௌலி. அங்கு வசிக்கும் எம் சகோதரியின் மகன் வீட்டிற் சில வாரங்கள் தங்கும் வாய்ப்பு அண்மையில் எமக்குக் கிட்டியது.

சைக்கிள் திருத்தும் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய வில்லியம் மொறிஸ் என்பார் 1913ஆம் ஆண்டில் தமது முதற் காரை உருவாக்கிய இடம் இக்கௌலியே. பிற்காலத்தில் நவீல்ட் பிரபு என விளங்கியவரும் அவரே. 1948இல் இங்கிருந்து வெளிவந்த மொறிஸ் மைனர், பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதற் பிரித்தானியக் கார் என்னும் பெருமையைப் பெற்றது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரி வண்டி ஒடுங்கித் தோன்றியமையால், அதனை நெடுக்காகப் பிளந்து நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். பொனற்றின் நடுவே இன்றும் காணப்படும் தட்டையான பட்டை அதன் அடையாளமாகும். பழைய தொழிற்சாலையின் ஒரு பகுதி இடிக்கப்பட்டு அலுவலகங்களாகிவிட்டது. மற்றொரு பகுதியில் இப்போது மினி கார்கள் உருவாகின்றன.

மொறிஸ் மைனரை நம் நாட்டார்க்கு அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்து வீதிகளில் அதுவும் ஒஸ்ரின் கார்களும் ஓடிய ஓட்டத்தைக் கண்டவர் பலர். 1990களில் பெற்றோல் அரிதாகியபோது, சிறிது பெற்றோல் காட்டி உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளரையும் மணமக்களையும் சுமந்தவை இப்பழைய கார்களே. எம் மருமகனின் தந்தையாரும் அத்தகைய ஒரு வண்டியைப் பேணி வந்தவர். தந்தை மறைந்தபின், அவர் நினைவாக ஒரு மைனரை வாங்கித் தன் இரு பிள்ளைகளையும் அதில் ஏற்றிச் செல்ல வேண்டும் என்பது மகனின் நெடுநாள் ஆசை. அதற்கெனச் சில ஆண்டுகளாகப் பணமும் சேர்த்திருந்தார்.

கௌலிக்கு அண்மையிலேயே, ஒரு வீட்டு முற்றத்தில் 1967ஆம் ஆண்டு வண்டி ஒன்று விலைக்கு நின்றது. வெளிர்நீல நிறம், முகம் பார்க்கலாம் போன்ற மினுக்கம்.

“மாமா, பெயின்ற் புதிசு, ஆளும் நல்ல மனிசன். பிறகென்ன யோசிக்கிறது?” என்றார் மருமகன்.

“தம்பி, மாடு வாங்கப் போனாலும் பல்லும் சுழியும் பார்த்துத்தானே வாங்குகிறோம். இதற்கும் ஒரு பல் இருக்குமே” என்றோம் நாம்.

அந்தப் பல் இருந்தது. பிரித்தானியாவில் எம்.ஓ.ரி. எனப்படும் ஆண்டுப் பரிசோதனை 1960இல் தொடங்கியது. பத்து ஆண்டுகளைக் கடந்த வண்டிகளின் பிறேக், விளக்கு, ஸ்ரேறிங் ஆகியவற்றையே முதலிற் சோதித்தனர். 1967 முதல் மூன்று ஆண்டு நிறைந்த வண்டிகளும் இதற்கு உட்பட்டன. அதனைத் தொடக்கிய போக்குவரத்து அமைச்சின் முதலெழுத்துகளே அப்பெயர். அந்த அமைச்சு 1970இல் மறைந்தும் பெயர் நிலைத்துவிட்டது. 2005 முதலான பரிசோதனை முடிவுகளை, வண்டியின் பதிவிலக்கத்தை மட்டும் கொடுத்து, அரசாங்க இணையத்தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். தேறியதா, தவறியதா, தவறியதற்குக் காரணம் யாது, அன்று ஓடியிருந்த மைல் எத்தனை, இனிக் கவனிக்க வேண்டியவை எவை என்பன யாவும் அங்கே உள.

அன்றிரவு அவ்வேட்டை இருவரும் படித்தோம். 2007இல் வண்டி ஓடியிருந்தது 61,240 மைல். 2017இல் 63,900 மைல். பத்து ஆண்டுகளில் மூவாயிரம் மைல்கூட இல்லை. வாரந்தோறும் ஓடிய வண்டி என்றார் உரிமையாளர். நெடுங்காலம் நின்ற வண்டி என்றது ஏடு. நிற்கும் வண்டிக்கு நோய்கள் அதிகம். பிறேக் உருளைகள் இறுகும். இறப்பர்க் குழாய்கள் வெடிக்கும். 2011இல், பின்புற இடது வில்லுத் தாங்கியின் அருகே கறள் பிடித்திருந்தமையால் வண்டி தவறியது, மறுநாளே தேறியது. ஒரே நாளில் முடிந்த அந்த வேலை எத்தகையது? அடுத்து வந்த மூன்று ஆண்டுகளிலும், அடிப்பாகம் கரிய பூச்சினால் மூடப்பட்டிருப்பதால் முற்றாகப் பார்க்க இயலவில்லை என்ற குறிப்பே திரும்பத் திரும்ப வந்தது.

2017இன் பின் ஏட்டில் ஒரு வரியும் இல்லை. அதற்குக் காரணம் குற்றமன்று, சட்டமே. 2018 மே மாதம் முதல், நாற்பது ஆண்டுகளைக் கடந்து, பெரும் மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு இப்பரிசோதனை கட்டாயமில்லை. ஆயின், வண்டியைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருக்கும் கடமை உரிமையாளரை விட்டு நீங்கவில்லை. ஆபத்தான வண்டியை ஓட்டுபவர்க்கு 2,500 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம். எனவே ஏட்டின் மௌனத்தை நலத்தின் சான்றாகக் கொள்ளல் ஆகாது. அதற்குப் பொருள், ஒருவரும் பார்க்கவில்லை என்பது மட்டுமே.

கட்டாயமில்லாவிடினும் விரும்புவோர் பரிசோதனை செய்விக்கலாம். கட்டணமும் அறுபது பவுணுக்குள் அடங்கும். மருமகன் தாமே கட்டணம் செலுத்துவதாகக் கூற, உரிமையாளரும் மறுப்பின்றி இசைந்தார். பரிசோதகர் வண்டியை உயர்த்தி, சிறு சுத்தியலால் அடிப்பாகத்தை மெல்லத் தட்டிக்கொண்டே சென்றார். பின்புற வில்லுத் தாங்கியை அடைந்ததும் ஓசை மாறியது. கரிய பூச்சு உதிர, உள்ளேயிருந்த இரும்பு அப்பளம்போல் நொறுங்கியது. பாரந் தாங்கும் இத்தகைய இடங்களிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் உறுதியைக் குலைக்கும் கறள் இருந்தால் வண்டி தவறும் என்பது விதி. மைனரில் இத்தாங்கிகளும், முன்சில்லுகளைப் பிணைக்கும் கீழ்மூட்டுகளும் பேர்போன நலிவிடங்கள். கிறீஸ் இடத் தவறின் மூட்டுத் தேய்ந்து, ஓட்டத்திலேயே சில்லு சரிந்துவிடக்கூடும். பின்னிருக்கையில் இருக்கப்போவோர் இரு குழந்தைகள் என்பதை நினைக்க எமக்கு உடல் சிலிர்த்தது. உரிமையாளரின் முகமும் வெளிறிற்று. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். தம் வண்டியின் அடிப்பாகத்தை எட்டு ஆண்டுகளாகப் பாராதவர், அவ்வளவே.

மருமகன் அவ்வண்டியை வாங்கவில்லை. நாம் ஊர் திரும்பிய பின், 1969ஆம் ஆண்டு மைனர் ஒன்றை வாங்கியதாக எழுதியிருந்தார். பெயின்ற் மங்கியது, இருக்கைத் தோலும் கிழிந்தது. ஆனால் அதன் ஏடு நிறைவானது. இரு தடவை தவறி, செம்மையாகத் திருத்தப்பட்டமைக்குப் பற்றுச்சீட்டுகள் இருந்தன. கட்டாயம் நீங்கிய பின்னரும் ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் சென்றிருந்தது. மைல் கணக்கும் ஒழுங்காக ஏறியிருந்தது.

பழைய கார் வாங்க எண்ணுவோர் இதனை மனத்திற் கொள்வாராக. ஏட்டிலே தவறுதல்கள் இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டா. குறை கண்டு, எழுதி, திருத்தி வந்த வண்டியை நம்பலாம்; குறையே எழுதப்படாத வண்டியை ஒரு தடவைக்கு இருதடவை உயர்த்திப் பார்த்தல் வேண்டும். ஏட்டை முதலிற் படித்து, அது காட்டும் இடத்திலே கண்ணை வைத்து, அதன் பின்னரே பணப்பையைத் திறத்தல் அறிவுடைமையாம்.