சுவிஸ் இன்ஜினும் என் தாத்தாவும்

ஊட்டி மலை ரயிலில் உங்களில் பலர் போயிருப்பீர்கள். ஜன்னல் ஓரத்துக்குச் சண்டையும் போட்டிருப்பீர்கள். பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வருகிற இன்ஜினை யாராவது உற்றுப் பார்த்தீர்களா? போன மே மாதம் வரை நானும் பார்த்ததில்லை.

என் தாத்தா குன்னூர் லோகோ ஷெட்டில் 27 வருஷம் ஃபிட்டராக இருந்தவர். இப்போது அவருக்குக் காது கேட்காது. மிஷின் வாங்கிக் கொடுத்தும், "ஒரே இரைச்சல்டா" என்று கழற்றி வைத்துவிட்டார். அதனால் வீட்டில் யாரும் அவரிடம் அதிகம் பேசுவதில்லை (நானும்தான்).

லீவில் மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறினோம். எங்களுக்குக் கடைசிப் பெட்டி. அதை ஒட்டி இன்ஜின். தாத்தா சத்தம் போட்டே பேசுவார். "இது எக்ஸ் கிளாஸ்டா! சுவிஸ்காரன் டிசைன்! விண்டர்தூர் ஊர்ல 1914-லயே செய்ய ஆரம்பிச்சான்!" என்று கத்தினார். பெட்டியே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. "மெதுவா தாத்தா" என்றேன். அது அவருக்கு எங்கே கேட்கப்போகிறது!

ஆனால் அவர் சொன்ன விஷயம் பிரமாதம். இந்த இன்ஜினுக்கு நாலு சிலிண்டர். சமதளத்தில் கீழே உள்ள இரண்டு மட்டும் வேலை செய்யும். கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு ஏறக்குறைய 1 அடி ஏற்றம். சக்கரம் மட்டும் போதாது. அங்கே தண்டவாளத்துக்கு நடுவில் இரண்டு பல் பட்டைகள் இருக்கும். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பல் இருக்காது. அதனால் பிடி விடவே விடாது. கீழ் சிலிண்டரில் வேலை முடித்த நீராவியே மேல் சிலிண்டர்களுக்குப் போய், பல்சக்கரத்தைச் சுற்றுமாம். ஒரே நீராவிக்கு இரண்டு வேலை! பிற்பாடு நம் திருச்சி பொன்மலையிலும் இதே மாதிரியில் புது இன்ஜின்கள் செய்தார்கள்.

கல்லாறு வந்தது. தாத்தா கண்ணை மூடி, உள்ளங்கையை சீட்டுப் பலகையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்பப் புடிச்சிருச்சு பாரு!" என்றார். எட்டிப் பார்த்தேன். நடுவில் பல் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. காது கேட்கிற நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

இப்போது கேள்விகளை நோட்டில் எழுதிக் காட்டுகிறேன். தாத்தா மணிக்கணக்கில் பதில் சொல்கிறார். நேற்றைய கேள்வி: "இறங்கும்போது பிரேக் எப்படிப் பிடிக்கும்?" பதில் இன்னும் முடியவில்லை.

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு