கனவான் கள்வன்

ஜோன் பரிமோர் நடித்து 1917இல் வெளிவந்த 'ராபிள்ஸ்' என்னும் ஊமைப்படத்தை அண்மையிற் பார்த்தோம். பகலிலே பெயர்பெற்ற கிரிக்கெட் வீரன். பிரபுக்கள் வீட்டு விருந்தாளி. இரவிலோ அவர்தம் நகைகளைக் கவரும் கள்வன்!

பேச்சில்லாப் படமாதலின், அவன் குரலில் மயங்கினோம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. துப்பறிவோன் நெருங்குந்தோறும் எமது நெஞ்சு கள்வனுக்காகவே துடித்தது. வகுப்பிலே 'கள்ளாமை' அதிகாரம் கற்பிக்கும் எமக்கு இது சற்றே சங்கடந்தான்.

இவனைப் படைத்த ஹோர்னங், ஷெர்லொக் ஹோம்ஸைப் படைத்த கொனன் டொயிலின் தங்கை கணவர். 1899இல் வந்த முதல் நூலை மைத்துனருக்கே காணிக்கையாக்கினார். டொயிலோ, கதைகளின் திறத்தை மெச்சினாரெனினும், குற்றவாளியைக் கதாநாயகனாக்குதல் தகாதென்றே கருதினார். ஹோர்னங்கின் உள்ளமும் உறுத்தியது போலும். பின்வந்த கதையொன்றில் ராபிள்ஸைத் தென்னாபிரிக்கப் போருக்கு அனுப்பி, அங்கே போர்வீரனாக மாளச் செய்தார். படத்திலே அந்தப் போருமில்லை, அம்மரணமுமில்லை.

மாணவர் சிலர் தமக்கும் இப்படத்தைக் காட்டுமாறு கேட்கின்றனர். காட்டுவதாகவே இருக்கின்றோம். முடிந்ததும், யார் வெல்லவேண்டுமென்று விரும்பினீர்கள் என ஒரு கேள்வி மட்டும் கேட்போம்.