மேகம் அருவிக்குப் போய் வந்தோம்



ஞாயிற்றுக்கிழமை எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு மூன்று நாளாகப் போன் ஓயவில்லை. "இந்த முட்டியை வச்சிக்கிட்டு மலை ஏறினீங்களா டீச்சர்?" என்று மாணவர்கள். "அறுபத்தெட்டு வயசுல உங்களுக்கு எதுக்கு அத்தை இந்த வேலை?" என்று உறவினர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பதிவு கொஞ்சம் நீளும். பொறுமையாகப் படியுங்கள். படங்களில் இல்லாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது.

போன இடம் கல்வராயன் மலையில் உள்ள மேகம் அருவி. கூட்டிப் போனவர்கள் 1994இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பதினோரு பேர். ஒருவன் வங்கி மேலாளர், ஒருத்தி என்னைப் போலவே ஆசிரியை, ஒருவன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று விடுமுறைக்கு வந்திருக்கும் சொல்தா. எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தால் மட்டும் இன்னும் சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

அந்த வருடமே இவர்கள் என்னிடம் அருவிக்குச் சுற்றுலா கேட்டார்கள். நான் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். முப்பது வருடமாக அந்தக் கணக்கு பாக்கி இருக்கிறது என்று சொல்லித்தான் இந்த முறை வீட்டு வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

நம் ஊரில் மலை கிடையாது. கோரிமேட்டு ஏற்றம் வந்தாலே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளுகிறவர்கள் நாம். நமக்கு அருவி என்றால் குற்றாலம், இல்லாவிட்டால் ஒகேனக்கல் என்றுதான் நினைப்பு. ஆனால் விடியற்காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் கல்வராயன் மலை இருக்கிறது. விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, தியாகதுருகம் வழியாகக் கள்ளக்குறிச்சி. அங்கிருந்து மேற்கே கச்சிராயபாளையம். அதை ஒட்டி மலையடிவாரத்தில் கோமுகி அணை. மலை 2,000 அடி, 3,000 அடி என்று உயர்ந்து போகிறது. மேலே மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். சாமை, தினை, மரவள்ளி பயிரிடுகிறார்கள், கடுக்காய் பொறுக்கி விற்கிறார்கள்.

அந்த மலையில் அருவிகள் பல உண்டு. பெரியார் அருவி வெள்ளிமலைக்குப் போகும் சாலையை ஒட்டியே விழுகிறது. மேகம் அருவிக்குக் காட்டுக்குள் நடக்க வேண்டும். இவை வருடம் முழுவதும் விழுகிற அருவிகள் அல்ல. மழைக்குப் பிறகு சில மாதம் கொட்டும், பிறகு இளைத்து நூலாகி, கோடையில் வெறும் பாறையாக நிற்கும்.

வில்லியனூரைத் தாண்டி ஆரியப்பாளையம் பாலத்தில் வண்டி ஏறியபோது நான் பேச்சை நிறுத்திவிட்டேன். கீழே ஓடுவது சங்கராபரணி. நம் குடும்பத்தில் மூத்தவர்களுக்குக் காரணம் தெரியும். இளையவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். என் தம்பி அந்த ஆற்றில்தான் போனான். 1979 கார்த்திகை மாதம். அவனுக்குப் பத்தொன்பது வயது, நல்ல நீச்சல்காரன். காலையில் ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். அன்றைக்கு இங்கே ஒரு சொட்டு மழை இல்லை, வெயில் அடித்தது. நண்பர்களோடு நடு ஆற்று மணல் திட்டில் உட்கார்ந்திருந்தான். முதல் நாள் ராத்திரி செஞ்சிப் பக்கம் பெய்த மழை மத்தியானம் இங்கே வந்து சேர்ந்தது. இரண்டு பேர் கரையேறினார்கள். அவன் ஏறவில்லை.

என் அம்மா சாகும்வரை ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்: "மழையே பெய்யலையேடி, தண்ணி எங்கேருந்துடி வந்துச்சி?" அந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் நான் புவியியல் படித்தேன் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்ற பாடத்தை எந்த வருடமும் நான் அவசரமாக முடித்ததில்லை. என் மாணவர்களுக்கு அது நினைவிருக்கும். காரணம் மட்டும் தெரிந்திருக்காது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அணையைத் தாண்டி, வனத்துறையினரிடம் அனுமதி கேட்டு, ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டக் கூட்டிக்கொண்டு நடந்தோம். முதலில் முள்ளுக்காடு, பிறகு மூங்கில், அப்புறம் ஓடையை ஒட்டி உருண்டைக் கற்கள். இளைஞர்களுக்கு ஒரு மணி நேர நடை. எனக்காக எல்லோரும் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு இடத்தில் சொல்தா என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். வியர்வையில் நனைந்து ஒரு திருப்பம் திரும்பியபோது முதலில் சத்தம் வந்தது, பிறகு முகத்தில் சாரல், அதற்குப் பிறகுதான் அருவி. ஐப்பசி மழையில் பாறை முழுக்க வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. கீழே தேங்கிய தண்ணீர் கண்ணாடி போல இருந்தது, அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். நானும் போட்டேன்.

வழிகாட்டி வந்தவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். எதிர்க்கரையில் நிழலான நல்ல பாறை இருந்தும் அங்கே போக விடவில்லை. "நாம வந்த பக்கமே உக்காருங்க" என்றார். அருவி விழும் இடத்துக்கு நேர் கீழே யாரையும் நிற்க விடவில்லை. ஓரமாக வழியும் தண்ணீரில்தான் குளித்தார்கள். நான் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டரை மணி இருக்கும். இட்லி டப்பாவைத் திறந்து, ஆளுக்கு இரண்டு வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தார். "தண்ணி கலங்குது. மேல ஏறுங்க."

எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தலைக்கு மேல் நல்ல வெயில். தண்ணீர் கொஞ்சம் மங்கியிருந்தது, நாலைந்து சருகு மிதந்து வந்தது, அவ்வளவுதான். சொல்தா கேள்வி கேட்காமல் எழுந்துவிட்டான், ராணுவப் பழக்கம். வங்கி மேலாளர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். "அஞ்சு நிமிஷம்ணே, இத முடிச்சிட்டு வரோம்" என்றான். எனக்கு அந்த "அஞ்சு நிமிஷம்" காதில் விழுந்ததும் உடம்பு சில்லிட்டுப் போனது. "எல்லாரும் எழுந்திரு!" என்று கத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரலை நான் பயன்படுத்தியதே இல்லை. நாற்பத்தேழு வயது மனிதர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி எழுந்து நின்றார்கள். இட்லி, துண்டு எல்லாம் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி மேட்டில் ஏற்றினோம். வருகைப் பதிவு எடுப்பது போல ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். பதினோரு பேரும் "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பால் ஊற்றிய டீ நிறத்தில் தண்ணீர் வந்தது. அருவியின் சத்தம் மாறியது. சலசலப்பு போய், பாரம் ஏற்றிய லாரி போல ஒரு உறுமல். உள்ளே கற்கள் உருளும் சத்தம் அது என்று அவர் சொன்னார். நாங்கள் இட்லி சாப்பிட்ட பாறை மறைந்துவிட்டது. எதிர்க்கரை நிழல்பாறை தனித்தீவாக நின்றது. அங்கே உட்கார்ந்திருந்தால் திரும்பி வர வழி இருந்திருக்காது. எங்களுக்குப் போனது ஒரு இட்லி டப்பாவும் இரண்டு துண்டும்தான்.

கீழே இறங்கி வரும்போது வங்கி மேலாளர் என் பக்கத்தில் நடந்தான். அவனும் அதே கேள்வியைக் கேட்டான்: "மழையே இல்லையே டீச்சர், எங்கேருந்து வந்துது?" அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

அருவிக்கு மேலே, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பத்து சதுர கிலோமீட்டர் மலைப்பரப்பில் இருந்து தண்ணீர் அந்த ஓடைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 கோடி லிட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரி கணக்கில் 10,000 லாரி. சித்திரையில் பெய்தால் காய்ந்த மண் நிறையக் குடித்துவிடும். ஐப்பசியில் மண் ஏற்கெனவே வயிறு நிறைந்து கிடக்கிறது. பாதியை மண் குடித்தது என்றே வைத்தாலும் மீதி 5,000 லாரித் தண்ணீர், சரிவான பாறையில், ஒரே ஒரு வாசல் வழியாக வருகிறது. நாம் அந்த வாசலில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறோம்.

நீச்சல் தெரியும் என்ற தைரியமும் அங்கே உதவாது. ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்கு ஆகிறது. முழங்கால் அளவுத் தண்ணீர் ஆளைச் சாய்த்துவிடும். அருவி விழும் இடத்தில் நுரை நுரையாக இருப்பது தண்ணீரும் காற்றும் கலந்தது, அதில் உடம்பு மிதக்காது.

இது நாங்கள் மட்டும் கண்ட அதிசயம் அல்ல. குற்றாலம் பழைய அருவியில் 2024 மே 17 அன்று திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. அதே வருடம் நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊர்ப் பக்கம் கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நகரம் மூழ்கியது நம் மழையில். ஆனால் பாகூர்ப் பக்கம் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் வேறு ஊர் மழை. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். நொடிக்கு ஏறக்குறைய 47 லட்சம் லிட்டர். அணையும் எச்சரிக்கையும் இருக்கிற ஆற்றிலேயே இந்தப் பாடு. காட்டு ஓடைக்கு யார் அறிவிப்பு கொடுப்பார்கள்? தண்ணீரேதான் கொடுக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே, உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது இவற்றை நினைவில் வையுங்கள்:

1. வனத்துறை போகாதே என்றால் போகாதீர்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் இல்லாமல் காட்டு அருவிக்குப் போக வேண்டாம். அவருக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

2. ஓடையைக் கடந்து எதிர்க்கரையில் உட்காராதீர்கள். திரும்பும் வழி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம், மேடான இடத்தில்.

3. தலைக்கு மேலே உள்ள வானத்தை நம்பாதீர்கள். தண்ணீரின் நிறம் மாறினால், சருகும் குச்சியும் வந்தால், சத்தம் மாறினால், உடனே ஏறுங்கள். பொருளை எடுக்கத் திரும்பாதீர்கள்.

4. கூட்டத்தில் ஒருவர் குளிக்காமல், போன் பார்க்காமல், தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

5. போகும்போதும் வரும்போதும் தலையை எண்ணுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்போ போகவே வேண்டாம்" என்று யாரும் முடிவு செய்யாதீர்கள். அது நான் சொல்ல வந்தது அல்ல. நம் குடும்பத்தில் நாற்பது வருடத்துக்கு மேலாக ஆறு, அருவி என்ற பேச்சையே எடுப்பதில்லை. பயந்து ஒதுங்கினோமே தவிர, தண்ணீரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. மலையில் அந்த மனிதருடைய மகனுக்குப் பத்து வயது. திரும்பி வரும்போது அடிவாரத்தில் பார்த்தோம். "தண்ணி கலங்கினா என்ன செய்வே?" என்று கேட்டேன். இது என்ன கேள்வி என்பது போல என்னைப் பார்த்துவிட்டு, "மேல ஏறிடுவேன்" என்றான். அவனுக்கு அப்பா சொல்லித்தந்திருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டாமா?

பேரப்பிள்ளைகள் நான்கு பேரும் பொங்கல் லீவுக்கு வருகிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். அதற்குள் அருவி இளைத்திருக்கும், பரவாயில்லை. முதலில் ஆரியப்பாளையம் பாலத்தில் வண்டியை நிறுத்தி, அவர்களுடைய சின்னத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முட்டி வலிக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். குறைந்து வருகிறது. 

அன்புடன்,
உங்கள் டீச்சர்