காவிரிக் கரையில் கவிழ்ந்து கிடக்கும் படகு

மைசூர் என்றதும் நினைவுக்கு வருவது அரண்மனை, சந்தனம், பட்டு, மைசூர்பாகு. அந்தப் பட்டியலில் படகு கிடையாது. ஆனால் நகரைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தால் மூன்று விதமான தண்ணீரைப் பார்த்துவிடலாம்: அசையாத ஏரி, ஓடும் ஆறு, ஏறி இறங்கும் அணைத் தேக்கம். மூன்றிலும் படகுகள் உண்டு. சவாரி வருபவர்கள் பறவைகளைப் பார்க்கிறார்கள், முதலைகளைத் தேடுகிறார்கள். சவாரி முடிந்த பிறகு படகு எங்கே கிடக்கிறது என்று கவனிப்பவர்கள் குறைவு. கவனித்தால் அந்தக் கரையின் குணமே பிடிபடும்.

அமெரிக்கா, கனடா நாடுகளின் ஏரிக்கரை வீடுகளில் இதற்கென்றே தனிச் சாதனம் இருக்கிறது. ஏரியின் அடியில் கால் ஊன்றி நிற்கும் அலுமினியச் சட்டம். அதன்மேல் படகு உட்கார ஒரு தொட்டில். சக்கரத்தைச் சுற்றினாலோ மோட்டாரைப் போட்டாலோ படகு தண்ணீரை விட்டு மேலே எழும்பும். தலைக்கு மேல் துணிக் கூரை. இது வெறும் ஆடம்பரம் அல்ல. மாதக்கணக்கில் தண்ணீரில் கிடக்கும் ஃபைபர் கிளாஸ் படகின் அடிப்பாகத்தில் பாசி பிடிக்கும். உள்ளே நீர் ஊறிக் கொப்புளம் கிளம்பும். காற்றடித்தால் துறையில் மோதிச் சிராயும். மேலே வெயில் வண்ணத்தையும் இருக்கையையும் வெளுக்க வைக்கும்.

மைசூரில் அதே எதிரிகள்தான். ஆனால் தண்ணீருக்குத் தண்ணீர் பதில் வேறு.

சாமுண்டி மலையடிவாரத்தில், மிருகக்காட்சி சாலையை ஒட்டி இருக்கிறது காரஞ்சி ஏரி. கன்னடத்தில் காரஞ்சி என்றால் நீரூற்று. குடும்பங்கள் மிதிபடகில் சுற்றிவரும் சாதுவான நீர். மட்டம் நிதானமாகவே மாறும் இத்தகைய ஏரிக்கு நிலையான துறை போதும். கட்டிவைக்கக் கயிறும், மேலே ஒரு கூரையும் இருந்தால் காரியம் முடிந்தது.

ரங்கனதிட்டு அப்படியல்ல. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே, காவிரியின் நடுவில் உள்ள இந்தத் தீவுத் திட்டுகள் 17ஆம் நூற்றாண்டில் மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜ உடையார் ஆற்றின் குறுக்கே கட்டிய அணையால் உருவானவை. பறவையியலாளர் சாலிம் அலியின் யோசனைப்படி 1940இல் சரணாலயமானது. 2022இல் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. நாரைகளும் கரண்டிவாயன்களும் கூடு கட்டும் மரங்களுக்கு அடியில், பாறையில் வாய் பிளந்து கிடக்கும் முதலைகளைத் தாண்டிப் படகு போகிறது.

சற்று மேலே கிருஷ்ணராஜசாகர் அணை. அது நிரம்பி மதகுகளைத் திறந்தால் திட்டுகள் மூழ்கும், சவாரி நிற்கும். 2019 ஆகஸ்டில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தபோது அதுதான் நடந்தது. இத்தகைய ஆற்றில் கால் ஊன்றிய சட்டத்தை நிறுத்தினால் வெள்ளம் சட்டத்தையும் கொண்டுபோகும், படகையும் கொண்டுபோகும். இங்கே படகைக் காப்பாற்றுவது மேட்டுக் கரையும், முன்கூட்டியே வரும் எச்சரிக்கையும், இழுத்து ஏற்ற நாலு பேரின் தோளும்தான்.

மூன்றாவது வகை கபினி. எச்.டி. கோட்டை வட்டத்தில், 1974இல் கட்டி முடிந்த அணையின் தேக்கம் இது. மழைக்காலத்தில் கடல்போல விரியும். கோடையில் நீர் வடிந்து, அடியில் கிடந்த நிலம் புல்வெளியாகும். யானைகள் கூட்டம் கூட்டமாக வந்து மேயும். கரையே இடம் மாறும் இந்த இடத்தில் அசையாத துறையைக் கட்டினால், பாதி வருஷம் அது தண்ணீருக்கு எட்டாமல் புல்லில் நிற்கும். மிதக்கும் மேடையே பொருத்தம். படகைத் தூக்க வேண்டுமென்றாலும் காற்றுத் தொட்டிகள்மேல் மிதந்து, நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் வகைதான் உதவும்.

நீரோரத்தில் விடுதியோ பண்ணை வீடோ வைத்திருப்பவர்கள் பட்டியலைப் புரட்டும் முன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கோடைக்கும் வெள்ளத்துக்கும் இடையே நீர்மட்டம் எத்தனை அடி மாறுகிறது என்று ஒரு வருஷமாவது கம்பு நட்டு அளப்பது. பிறகு எடை. வெறும் படகை மட்டும் கணக்கிட்டால் போதாது; எஞ்சின், எரிபொருள், சாமான் எல்லாம் சேர வேண்டும். கூரைத் துணியைப் பருவக்காற்றுக்கு முன் கழற்ற வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் அது பாய்மரமாகிவிடும். எல்லாவற்றுக்கும் முதலில் கேட்க வேண்டியது அனுமதி. ஏரியின் கரை படகுக்காரருக்கு மட்டும் சொந்தமல்ல. மீனவருக்கும் மாட்டுக்கும் அது வழி, நீர்ப்பறவைக்கு வீடு. சட்டமும் கூரையும் மோட்டார் சத்தமும் வந்தால் முதலில் காலி செய்வது பறவைதான்.

இந்தச் சிக்கல்கள் எதுவும் இல்லாத ஒரு படகும் இதே காவிரியில் உண்டு. பரிசல். 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பயஸ், கூடைபோல வட்டமாக, பிரம்பால் பின்னித் தோல் போர்த்திய படகுகளில் ஆட்கள் ஆற்றைக் கடப்பதை எழுதி வைத்திருக்கிறார். இப்போது மூங்கில் பின்னலின்மேல் தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் தாளும் தாரும். தலைக்காட்டிலும் ஒகேனக்கல்லிலும் இன்றும் அதுதான் ஓடுகிறது.

சவாரி முடிந்ததும் பரிசல்காரர் அதைத் தூக்கித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு மேட்டுக்கு நடந்துவிடுகிறார். கரையில் கவிழ்த்துப் போட்டால் மழைநீர் தேங்காது, அடிப்பாகம் காயும். நடுப்பகலில் கொஞ்சம் சாய்த்து முட்டுக் கொடுத்தால் கீழே ஒருவர் படுக்க நிழல். தூக்கியும் கூரையும் படகும் ஒன்றாகவே இருக்கும் இந்தப் பொருளுக்கு நீர்மட்டம் பற்றிய கவலையே இல்லை. தண்ணீர் ஏறினால் அதுவும் பத்தடி மேலே ஏறிக்கொள்ளும்.