நோவும் நோட்டுப் புத்தகமும்

முத்துக் குளிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால், எங்கள் தூத்துக்குடிக் கரையின் பெரியவர்கள் முத்தைப் பற்றிச் சொல்வதைவிடக் கயிற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். கல்லின் பாரத்தோடு அடிக்கடலுக்கு இறங்குகிறவனுடைய பிராணன் தோணியின்மேல் நின்று கயிறு பிடித்திருப்பவன் கையில் இருக்கிறது; மூச்சு முட்டும் தருணத்தில் கீழிருந்து வரும் ஒரு சிறு அசைவை அவன் உணரத் தவறினால் சிப்பியும் இல்லை, ஆளும் இல்லை. தன் தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணனும் சகிக்கமாட்டான் என்ற நியாயத்தால், மைத்துனனையே அந்த இடத்தில் நிறுத்துவார்கள் என்று என் தாத்தா சொல்வார். 1961-ஆம் ஆண்டோடு எங்கள் கடலடி முத்துப் பார்களில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆயினும், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்ணொருத்தி தன் சரீரத்தில் நிகழும் மாறுதல்களை எண்ணித் தனியே கலங்கி நிற்பதைக் காணும்போதெல்லாம், இவள் கயிற்றை யார் பிடித்திருக்கிறார்கள் என்ற கேள்வி எனக்குள் எழாமல் இருந்ததில்லை.

என் கயிற்றை யாரும் பிடித்திருக்கவில்லை. நான் பெரியவளானபோது எங்கள் வீட்டில் குறை ஒன்றும் வைக்கவில்லை. உளுந்தங்களியில் உடன்குடிக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மிதக்க மிதக்கக் கொடுத்தார்கள். அதன் குணத்தை நான் இன்றும் மெச்சுகிறேன். பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, மஞ்சள் நீராட்டி, தெரு முழுவதும் சாப்பிட்டுப் போயிற்று. ஊருக்கெல்லாம் அறிவிக்கப்பட்ட அந்த விஷயம் இன்னதென்று எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பிறகு மாதந்தோறும் வந்த வேதனையை ஆறு வருஷம் பல்லைக் கடித்துப் பொறுத்திருந்து, ஒரு நாள் வைத்தியரிடம் அழைத்துச் செல்லப்பட்டபோது, அவர் எப்படி வலிக்கிறது என்று கேட்டார். குத்துகிறதா, இழுக்கிறதா, சுருட்டிப் பிடிக்கிறதா, இடுப்பில் தொடங்கித் தொடைக்கு இறங்குகிறதா என்றெல்லாம் பிரித்துச் சொல்லத் தெரியாமல், "வயித்த வலிக்கி" என்று மட்டும் சொன்னேன். அதற்குத் தகுந்த மாத்திரைதான் கிடைத்தது. உப்பின் தரத்துக்கும் காற்றின் திசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிற ஊரில் பிறந்த எனக்கு, என் நோவுக்கு ஒரு பெயர் இல்லாமற்போயிற்று.

பிற்காலத்தில் உப்பளங்களை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருந்தபோது, வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் பிள்ளைகளுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, விரும்பாவிட்டால் பெயர் எழுத வேண்டாம், உங்கள் வீட்டுப் பெண்களின் உடம்பைப் பற்றி, உங்கள் உடம்பைப் பற்றி, எழுதுகிறவர்கள் எழுதுங்கள், வரைகிறவர்கள் வரையுங்கள் என்று சொன்னேன். முதல் சில வாரங்கள் வந்தவையெல்லாம் சுவரில் எழுதும் வாசகங்கள். பெண்கள் நாட்டின் கண்கள் என்பது போன்றவை. நான் பொறுமையாக இருந்தேன். ஒரு நாள் ஒரு சித்திரம் வந்தது. வெட்டவெளியான பாத்தி, அதில் பலகையால் உப்பு வாரும் ஒரு ஸ்திரீ, வரப்பில் ஒரு தண்ணீர்க் குப்பி. அதே காட்சி பக்கத்தில் மறுபடியும், சூரியன் மட்டும் மேற்கே சாய்ந்திருக்க, குப்பி நிறைந்தபடியே இருந்தது. கீழே, "எங்க அம்மா தண்ணி குடிக்க மாட்டாங்க. போக எடம் கெடையாது" என்று இரண்டே வரி.

கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரு புதர்கூட இல்லாத உப்பளத்தில் ஒதுங்க இடமின்றி, கொளுத்தும் வெயிலிலும் தாகத்தை அடக்கிக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு நீர்க்கடுப்பு வருவதில் ஆச்சரியம் என்ன? ராஜம் கிருஷ்ணன் இந்தக் கரைக்கு வந்து உப்பளத் தொழிலாளரோடு பழகி, 1979-இல் 'கரிப்பு மணிகள்' என்ற நாவலை எழுதினார். வெளியிலிருந்து வந்த ஒரு பெருமனம் கண்டு எழுதியது அது. அந்தப் பாத்தியிலேயே வளர்ந்த பெண் தன் தாயின் அவஸ்தையைத் தானே வரைந்தது எனக்கு அதற்கு இளைத்த காரியமாகத் தோன்றவில்லை. அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு, தாயையும் மகளையும் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அம்மாள் வாய் திறக்கவில்லை. படத்தைப் பார்த்த லேடி டாக்டர் கேட்க வேண்டியவற்றைத் தாமே கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு நோட்டுகள் பேசத் தொடங்கின. பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை ஏன் ஜன்னலுக்கு வெளியே எறிகிறோம் என்று ஒருத்தி எழுதினாள். மலம் கறுத்துப் போனதைக் கண்டு ஏதோ பெரிய வியாதி என்று பயந்தாளாம். அது மாத்திரையின் இயல்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே! 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. அந்த எண்ணிக்கையின் ஒரு பகுதி இப்படி ஜன்னலுக்கு வெளியே கிடக்கிறது. வேறொருத்தி அரசின் 'புதுயுகம்' திட்டத்தில் கிடைத்த நாப்கின் பொட்டலத்தைச் செய்தித்தாளில் சுற்றி, அதைப் பைக்குள் வைத்து, அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடும் தன்னையே வரைந்திருந்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

எல்லாப் பக்கங்களும் ரசிப்பதற்குரியவை அல்ல. சில வைத்தியரிடமும், ஒன்றிரண்டு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிடமும் போய்ச் சேர வேண்டியவையாக இருந்தன. எழுதச் சொல்லுகிறவர்கள், எழுதியது கையில் வந்தபின் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். கயிறு அசைந்த பிறகு கையை விடுவது பாவம்.

இந்த நோட்டு வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்ட சிலர் ஓவியப் போட்டியாகவே நடத்திவிடலாமே, பரிசு தரலாமே என்றார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பரிசு என்று வந்துவிட்டால் பிள்ளைகள் நடுவர் விரும்புவதை வரைவார்கள். தங்களுக்கு நேர்ந்ததை மறைத்துவிடுவார்கள். பையன்களை இந்த வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிவிட வேண்டும் என்ற அபிப்பிராயத்தையும் நான் ஏற்கவில்லை. தன் அக்காள் மாதத்தில் மூன்று நாள் ஏன் திண்ணையில் படுக்கிறாள் என்று எழுதிய பையன், அடுத்த மாதம் அவளுக்குத் தானே சோறு போட்டுக் கொடுத்ததாக எழுதினான்.

அக்காளைக் கவனித்த அந்தப் பையனை நினைக்கும்போது எனக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நினைவு வருகிறது. 1912-இல் சென்னையில் வைத்தியப் பட்டம் பெற்றவர். கத்தியோடு பேனாவையும் கையில் எடுத்தவர். தம் தங்கை புற்றுநோயால் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவர் அவர். 1954-இல் அடையாற்றில் எழுந்த புற்றுநோய் மருத்துவமனைக்கு மூலம் அந்தத் துக்கமே. கூடப்பிறந்தவளின் நோவை உற்றுப் பார்த்த கண்தான் அத்தனை காரியத்தையும் செய்தது.

உங்கள் வீட்டில் பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளை இருந்தால், அது பெண்ணானாலும் பையனானாலும், ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். பாட்டியின் முழங்கால் வலியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மற்றவை தாமே வரும். அவர்கள் காட்டும்வரை அதைத் திறந்து பார்க்காதீர்கள். காட்டும் அன்று கைவேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.